ஒரு பெயரைத் தேடினால் ஊரே வருவது ஏன்?

கேள்வி: உபுண்டுவில் சி++ கற்கத் தொடங்கியிருக்கிறேன். ஜி++ கம்பைலர் கிடைக்குமா என்று பார்க்க, டெர்மினலில் ‘ஆப்ட் சர்ச்’ கட்டளையுடன் அதன் பெயரைக் கொடுத்தேன். எழுத்துருக்கள், விளையாட்டுகள் எனத் தொடர்பே இல்லாத பேக்கேஜ்கள் திரை நிறைய ஓடின. என் கணினியில் கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. மென்பொருள் பேக்கேஜ்களைத் தேடவும் நிறுவவும் நீக்கவும் உதவும் கருவியான ஆப்ட், நீங்கள் கொடுத்ததை ஒரு பெயராகப் பார்ப்பதில்லை. ரெகுலர் எக்ஸ்பிரஷனாகவே, அதாவது சில குறிகளுக்குத் தனிப்பொருள் தந்து எழுத்துகளின் அமைப்பை விவரிக்கும் தேடல் வடிவமாகவே படிக்கிறது. அதன் இலக்கணப்படி கூட்டல் குறி, தனக்கு முன்னுள்ள எழுத்து ஒரு முறையோ பல முறையோ வரலாம் என்று பொருள்படும். ஆகவே ஜி என்ற ஆங்கில எழுத்து ஓரிடத்திலேனும் உள்ள அனைத்தையும் கேட்டதாக உங்கள் தேடல் மாறிவிட்டது. போதாக்குறைக்கு, ஆப்ட் பெயரோடு நிற்காமல் ஒவ்வொரு பேக்கேஜின் விவரக் குறிப்பையும் துழாவுகிறது. ‘பேக்கேஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லிலேயே அந்த எழுத்து இருக்கிறது. அச்சொல் வராத விவரக் குறிப்புகளோ குறைவு. அப்படியிருக்க, கம்பைலர் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோனதில் வியப்பில்லை.

கூட்டல் குறியின் தனிப்பொருளை நீக்க ஒவ்வொன்றுக்கு முன்னும் ஒரு பேக்ஸ்லாஷ் (\) இட்டு, பெயரின் தொடக்கத்தைக் குறிக்கும் ^ குறியை முதலில் சேர்த்து, முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் அடைத்து, ‘நேம்ஸ்-ஒன்லி’ தெரிவுடன் தேடுங்கள். மேற்கோளை விட்டுவிட்டால், டெர்மினலில் நீங்கள் இடும் கட்டளையை முதலில் படிக்கும் ஷெல்லே பேக்ஸ்லாஷை நீக்கிவிடும். இப்போது ஜி++ என்று தொடங்கும் பெயர்கள் மட்டுமே வரும். அவற்றில் பதிப்பு எண் கொண்டவையும், ஆர்ம் போன்ற பிற செயலிகளுக்கான கம்பைலர்களும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது எந்தப் பின்னொட்டும் இல்லாத ஜி++தான்.

தேடலில் இது வெறும் தொல்லை, நீக்கலில் ஆபத்து. ‘ஆப்ட்-கெட் ரிமூவ்’ கட்டளைக்குக் கொடுத்த பெயரில் எந்தப் பேக்கேஜும் இல்லாமல், அதில் புள்ளியோ கேள்விக்குறியோ நட்சத்திரக் குறியோ இருந்தால், அதையும் ரெகுலர் எக்ஸ்பிரஷனாகக் கொண்டு, பெயரின் எந்தப் பகுதியில் பொருந்தினாலும் அப்பேக்கேஜை நீக்கப் பட்டியலிட்டுவிடும். அந்தப் பட்டியலைப் படிக்காமல் சம்மதம் தந்து, வேலை செய்துகொண்டிருந்த கணினியைக் குலைத்துக்கொண்டவர்கள் உண்டு. தயவுசெய்து முதலில் ‘-எஸ்’ தெரிவுடன் ஓட்டுங்கள்; எவையெல்லாம் போகும் என்று காட்டுமே தவிர, எதையும் நீக்காது.