சங்கத்தில் சேர்ந்தால் சிறு ஒப்பந்ததாரருக்குப் பலன் உண்டா? கேள்வி பதில்

அவினாசி, திருப்பூர் வட்டாரத்தில் வீடுகளும் பனியன் கம்பெனிகளுக்கான ஷெட்களும் கட்டித் தருகிறேன். உள்ளூர் ஒப்பந்ததாரர் சங்கம் ஒன்றில் பொருளாளராகவும் இருந்திருக்கிறேன். சங்கத்தில் சேர்வது குறித்துச் சிறு ஒப்பந்ததாரர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, சந்தா கட்டினால் வேலை வருமா? அதை மட்டும் சொல்லுங்கள். (பெயிண்டிங் ஒப்பந்ததாரர், கோபிசெட்டிபாளையம்)

தம்பி, வேலை வரும் என்று நம்பிச் சேர்ந்தால் அடுத்த ஆண்டே சந்தாவை நிறுத்திவிடுவீர்கள். சங்கத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் பெயிண்டிங் வேலைதான் எடுக்கிறார். அவர் எதற்குத் தன் வேலையை உங்களுக்குத் தர வேண்டும்? கையில் ஆள் போதாதபோது பாதி வேலையைப் பிரித்துக் கொடுப்பார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்பு அது நடக்கும். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

எந்த வேலையை எடுக்கக் கூடாது என்பது சங்கத்தில்தான் தெரியவரும். நான் பலன் என்று சொல்வது அதைத்தான். மூன்று லட்சம் ரூபாய் வேலையில் உங்களுக்கு நாற்பதாயிரம் லாபம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பில்லில் எண்பதாயிரத்தைக் கட்டடக்காரர் பிடித்து வைத்துக்கொண்டால், இரண்டு வேலைகளின் லாபம் அங்கேயே போய்விடுகிறது. அவர் உங்களுக்கு முன்பு டைல்ஸ்காரரையும் சென்ட்ரிங்காரரையும் அதே மாதிரி அலையவிட்டிருப்பார். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது இரண்டே நிமிடத்தில் இது உங்கள் காதுக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட ஒரே ஒரு வேலையைத் தவிர்த்தால்கூடப் பல ஆண்டுச் சந்தா திரும்பி வந்துவிட்டது என்பது என் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. புதிய ஊரில் வேலை எடுக்கும்போது ஹார்டுவேர்ஸ் கடையில் யாரும் உடனே கடன் தர மாட்டார்கள். அந்த ஊர்ச் சங்கத்துக்காரர் ஒருவர் கடைக்காரரிடம் போனில் ஒரு வார்த்தை சொன்னால் பதினைந்து நாள் தவணை கிடைக்கும். சிறு ஒப்பந்ததாரருக்கு வங்கி ஓவர்டிராஃப்டைவிட இந்தத் தவணைதான் கைகொடுக்கும்.

நான் மின் ஒப்பந்ததாரர். கோவையில் இருக்கும் பெரிய அமைப்புகளில் சேர்வதா, ஊர்ச் சங்கமே போதுமா? (பொள்ளாச்சி)

உங்கள் தொழில்காரர்கள் கூடும் சங்கம் ஒன்று, உங்கள் வாடிக்கையாளர்கள் கூடும் சங்கம் ஒன்று. இரண்டையும் தனித்தனியாக எடைபோடுங்கள். உரிமம், மின்வாரிய நடைமுறை, வயர்மேன் கிடைப்பது, பொருள் விலை ஆகியவற்றுக்கு உங்கள் தொழில்காரர்களின் ஊர்ச் சங்கமே போதும். அதில்தான் முதலில் சேர வேண்டும்.

கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கமான கொடிசியா 1969இல் தொடங்கியது. பம்ப், மோட்டார், கிரைண்டர், உதிரிபாகம் செய்யும் பட்டறைக்காரர்கள் அதில் நிறைய. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990இல் வந்தது. கட்டுமானத் துறைக்கு 1941இல் உருவான பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா இருக்கிறது. இவை அரசோடும் வரித்துறையோடும் பேசுவதற்கான அமைப்புகள். வீட்டு வயரிங் மட்டும் செய்பவருக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஆலைகளின் மின் பராமரிப்பை ஆண்டு ஒப்பந்தமாக எடுப்பது உங்கள் எண்ணமென்றால், ஆலை முதலாளிகள் கூடும் இடத்துக்குத்தான் போக வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார் ஆலைகள் ஏராளம். அவர்களுடைய அமைப்பு நடத்தும் கூட்டங்களுக்குப் போய் நாலு பேரிடம் அறிமுகமாவது, நூறு மின் ஒப்பந்ததாரர்களோடு உட்கார்ந்திருப்பதைவிட வேலை பிடிக்க உதவும். உங்களை உறுப்பினராகச் சேர்ப்பார்களா என்று முதலில் விதிமுறையைக் கேளுங்கள்.

கம்பெனி ஒன்றில் வேலை முடித்து ஏழு மாதம் ஆகிறது. பாக்கியைச் சங்கம் வாங்கித் தருமா? (லேபர் கான்ட்ராக்ட் மேஸ்திரி, சூலூர்)

சில நேரம் வாங்கித் தரும். சங்கத் தலைவருக்கு அந்த முதலாளியைத் தெரிந்திருந்தால், நேரில் போய்ப் பேசினாலே பாதி வந்துவிடும். கொங்கு நாட்டில் பலருக்குப் பணத்தைவிடப் பேர் பெரிது. நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்றதும் இறங்கி வருவார்கள். ஆனால் சங்கத்துக்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. அதனால் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை நீங்களே தெரிந்துவைத்திருங்கள்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் தர வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்துகொள்ளும் உத்யம் பதிவை வைத்திருப்பவர், பாக்கிப் புகாருக்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுத்தால் அது இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும். கோவையிலேயே ஒரு மன்றம் இருக்கிறது, சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் வந்திருக்கிறது: உரிய நாளைத் தாண்டி, நிதியாண்டு முடியும்வரை உங்களுக்குப் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. அவர்களுடைய ஆடிட்டரே பணத்தைக் கொடுத்துவிடச் சொல்வார்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கல் உண்டு. வேலை தொடங்கும் முன்பே உத்யம் பதிவு கையில் இருக்க வேண்டும். பாக்கி நின்ற பிறகு ஓடிப் பதிவு செய்தால் எதிர்த்தரப்பு அதையே முதலில் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, பொருளும் கூலியும் சேர்ந்த முழுக் கட்டட ஒப்பந்தம் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று மும்பை, டெல்லி உயர் நீதிமன்றங்களில் தீர்ப்புகள் இருக்கின்றன. கூலி ஒப்பந்தம் சேவை என்பதால் உங்கள் நிலை அதைவிட வலுவானது. பில், வேலை அளவுக் குறிப்பு, மேலாளர் கையெழுத்து மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பல சங்கங்களில் உறுப்பினருக்கு முதல் ஆலோசனை இலவசம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

உத்யம் பதிவுக்கு எங்கள் சங்க அலுவலகத்தில் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். சரியா? (வெல்டிங், ஃபேப்ரிகேஷன், கரூர்)

அரசு இணையதளத்தில் அதற்குக் கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் போதும். தட்டச்சு செய்து கொடுத்ததற்கு நூறு, இருநூறு வாங்கினால் ஒத்துக்கொள்ளலாம். 1,500 ரூபாய் வாங்குவது நியாயமில்லை.

பெண்ணாக இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறேன். சங்கக் கூட்டம் இரவு எட்டு மணிக்கு ஹோட்டலில் நடக்கிறது. பேச்சும் ஆண்களுக்குள்ளேயே ஓடுகிறது. விட்டுவிடலாமா? (கோயம்புத்தூர்)

அம்மணி, உங்கள் கோபம் நியாயமானது. மாதக் கூட்டத்தை இரவு விருந்தாக நடத்தும் சங்கம், பாதி உறுப்பினர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பெண்கள் மட்டுமல்ல, விடியற்காலையில் சைட்டுக்குப் போகும் மேஸ்திரியும் அதற்கு வர மாட்டார். பகல் கூட்டம் வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். செயற்குழுக் குறிப்பேட்டில் ஏறும்படி கேளுங்கள். இரண்டு கூட்டத்துக்குள் மாறவில்லையென்றால் அடுத்த ஆண்டுச் சந்தாவை அங்கே கட்டாதீர்கள். பிளைவுட், ஹார்டுவேர் கம்பெனிகள் பகலில் நடத்தும் பயிற்சிகளுக்கும் கொடிசியா வளாகக் கண்காட்சிகளுக்கும் போங்கள். உங்கள் தொழிலுக்குத் தச்சர்களும் பாலிஷ்காரர்களும் அங்கேதான் கிடைப்பார்கள்.

சங்கம் சங்கம் என்கிறீர்கள். ஒன்றுசேர்ந்து எதையாவது சாதித்ததைக் காட்ட முடியுமா? (பிளம்பிங் ஒப்பந்ததாரர், ஈரோடு)

நம் கண்ணெதிரே நடந்ததையே சொல்கிறேன். சோமனூர், பல்லடம் பகுதியில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்கள் 2025இல் ஒரு மாதத்துக்கு மேல் தறிகளை நிறுத்தினார்கள். பாவு நூலைக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொள்ளும் ஜவுளி உற்பத்தியாளர்களோடு பல சுற்றுப் பேச்சு நடந்தது. முடிவில் சோமனூர் ரகத்துக்கு 15 விழுக்காடு, மற்ற ரகங்களுக்கு 10 விழுக்காடு கூலி உயர்ந்தது. எட்டுத் தறி வைத்திருக்கும் ஒருவர் தனியாகப் போய்க் கேட்டிருந்தால், பாவை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றுதான் பதில் வந்திருக்கும். அந்த ஒரு மாதம் அந்தக் குடும்பங்கள் பட்டபாட்டையும் மறந்துவிடக் கூடாது. தறி ஓடாத நாளில் கூலியும் இல்லை, வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடும்.

2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்தபோதும் கோவை, திருப்பூர் சிறு தொழில் அமைப்புகள்தான் நிலைக்கட்டணத்தையும் உச்ச நேரக் கட்டணத்தையும் எதிர்த்து நின்றன. 2023 செப்டம்பரில் ஒரு நாள் உற்பத்தியையே நிறுத்தினார்கள். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை, சில சலுகைகள் கிடைத்தன.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் புதிய கனிம நில வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். எம்சாண்டும் ஜல்லியும் இல்லாமல் நம் சைட்டுகள் நின்றன. அவர்களுக்குச் சங்கம் இருந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட சிறு ஒப்பந்ததாரர்களில் பலர் எந்தச் சங்கத்திலும் இல்லை. வீட்டுக்காரரோடு சதுர அடிக்கு ஒரே விலை பேசி முன்பணம் வாங்கியிருந்தவர் விலையேற்றத்தைத் தன் தலையில்தான் சுமந்தார். பொருள் விலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினால் வித்தியாசத்தை வீட்டுக்காரர் தர வேண்டும் என்ற வாசகம் எங்கள் சங்கத்தின் மாதிரி ஒப்பந்தத்தில் உண்டு. அதைப் போட்டிருந்தவர்கள் தப்பித்தார்கள்.

எங்கள் சங்கம் சதுர அடிக்கு ஒரே விலைதான் சொல்ல வேண்டும், குறைத்தால் அபராதம் என்கிறது. (கட்டட ஒப்பந்ததாரர், நாமக்கல்)

இது ஆபத்தான வேலை. போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிப்பதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு தடுக்கிறது. சங்கத்தின் பெயரில் செய்தாலும் விலக்கில்லை. சிமென்ட், கம்பி, கூலி இன்ன விலை, ஒரு சதுர அடிக்கு அடக்கம் இவ்வளவு வருகிறது என்று கணக்குப் போடக் கற்றுக்கொடுப்பது வேறு. சொன்ன விலைக்குக் கீழே போனால் அபராதம் என்பது வேறு. அபராதத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாரம் ஒருநாள் விடியற்காலையில் கூடி, ஒருவருக்கொருவர் வேலை பிடித்துக் கொடுக்கும் பரிந்துரைக் குழுவுக்கு அழைக்கிறார்கள். கட்டணம் அதிகம். (மாடித்தோட்டம், நீர்க்கசிவுத் தடுப்பு வேலை, கோவை)

ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டுமே என்பது அந்தக் குழுக்களின் விதி. அதனால் போட்டி இல்லை, வேலையும் நிஜமாகவே வரும். நீர்க்கசிவு வேலை எல்லா வீட்டுக்கும் தேவைப்படுவது என்பதால் உங்களுக்குப் பொருந்தலாம். மூன்று விஷயம் பாருங்கள். வாராவாரம் போக முடியுமா? வரும் வேலையைச் சொன்ன நாளில் முடிக்க ஆள் இருக்கிறதா? பதிலுக்கு மற்றவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் அளவுக்கு உங்களுக்குப் பழக்கம் இருக்கிறதா? ஆள் இல்லாமல் சேர்ந்து இரண்டு வேலையைச் சொதப்பினால் முப்பது பேரிடம் ஒரே நாளில் பேர் கெட்டுவிடும். கடன் வாங்கிக் கட்டணம் கட்டாதீர்கள்.

சேரும் முன் சங்கத்தைப் பற்றி எப்படி விசாரிப்பது? (சென்ட்ரிங் ஒப்பந்ததாரர், தாராபுரம்)

பதிவு எண் கேளுங்கள். பெரும்பாலானவை 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. ஆண்டுதோறும் பொதுக்குழு கூடி வரவு செலவை வைக்க வேண்டும். கடந்த ஆண்டின் தணிக்கைக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். சந்தாவில் எவ்வளவு விழாவுக்கும் பிளெக்ஸுக்கும் போயிருக்கிறது, எவ்வளவு உறுப்பினரின் சட்டச் செலவுக்கும் பயிற்சிக்கும் போயிருக்கிறது என்பதைக் கணக்கில் தேடுங்கள். ஒரே ஆள் பல ஆண்டாகத் தலைவராக இருக்கிறாரா என்றும் பாருங்கள். சேர்ந்த பிறகு ஏதாவது ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்திருப்பவரை யாருக்கும் நினைவிருக்காது.

எங்கள் சமுதாயச் சங்கத்தில் தொழில் பிரிவு இருக்கிறது. அதுவே போதாதா? (டைல்ஸ் வேலை, காங்கேயம்)

முதல் வேலைக்கும் கைமாற்றுக்கும் உதவும். ஆனால் பாக்கி வைப்பவரும் உறவுக்காரராகவே இருந்துவிட்டால் வாய் திறக்க முடியாது. உங்கள் கொத்தனாரும் வாடிக்கையாளரும் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். தொழில் சங்கத்தில் தனியாகச் சேருங்கள்.

ஆள் வைத்து வேலை செய்கிறேன். என் சித்தாள்களுக்குச் சங்கத்தால் ஏதாவது உண்டா? (கட்டட மேஸ்திரி, பெருந்துறை)

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்டிருக்க வேண்டும். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ள தொழிலாளர் கட்டணமில்லாமல் பதியலாம். விபத்து நிவாரணம், பிள்ளைகளின் படிப்பு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்த பிறகு அட்டை காலாவதி என்று தெரிந்தால் அந்தக் குடும்பம் அலைய வேண்டியிருக்கும். உங்கள் சங்கத்தைக் கேட்டு ஆண்டுக்கு ஒரு பதிவு முகாம் நடத்தச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், அன்றுதான் சித்தாள்கள் வருவார்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றை முதல் நாளே வாங்கிச் சரிபார்த்து வையுங்கள்.