பிளேடு முனைக்கு எந்த இறகு?

கேள்வி: அண்ணே, எங்க மச்சான் டெக்சாஸ்ல லைசன்ஸ் எடுத்து காம்பவுண்ட் வில்லுல (கப்பி வச்ச வில்லு) மான் வேட்டைக்குப் போறாரு, பிராக்டிஸ் முனைல நேரா போற அம்பு வேட்டைக்கான பிளேடு முனை மாட்டுனா விலகிப் போகுதாம், இறகு மாத்தணுமா? – வாசகர், செங்கோட்டை

பதில்: மாத்தலாம் தம்பி, ஆனா முதல்ல வில்லோட டியூனிங்க (அம்பு நேரா கிளம்புற மாதிரி வில்லை சரிபண்றது) பாக்கச் சொல்லுங்க, அது கோணலா இருந்தா எந்த இறகும் காப்பாத்தாது. (நம்ம ஆரியங்காவு பக்கத்து காட்டுல இதெல்லாம் நினைச்சுக்கூட பாக்காதீங்க, 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம்.) முன்னாடி இருக்குற பிளேடு காத்துல சின்ன றெக்கை மாதிரி அம்பைத் திருப்பப் பாக்கும், அதை அடக்க பின்னாடி இறகுல காத்துப் பிடி அதிகமா வேணும், அதனால குட்டியா தாழ்வா இருக்குற டார்கெட் வேன் (வேன்னா அம்பு வால்ல ஒட்டுற பிளாஸ்டிக் இறகு) பத்தாது, 4 இஞ்ச் நீள வேன் போடுங்க, 2 இஞ்சுன்னா உயரமானதா இருக்கட்டும், நேரா ஒட்டாம ஹெலிக்கலா முறுக்கி ஒட்டுனா அம்பு சுத்திக்கிட்டே போய் நிலையா நிக்கும். வான்கோழி இறகு லேசு, அம்பை சீக்கிரம் நேராக்கும், எனக்குப் பிடிச்சது அதுதான், ஆனா குத்தாலச் சாரல் மாதிரி மழைல நனைஞ்சா படுத்துரும், பிளாஸ்டிக்குக்கு அந்தக் கவலை இல்ல. இறகுன்னா அம்புல ஒட்டுற மூணும் பறவையோட ஒரே பக்கத்து றெக்கைல இருந்து எடுத்ததா இருக்கணும், இடது வலது கலக்கவே கூடாது. சீசனுக்கு முன்னாடி அதே பிளேடு முனையோட எய்து பாக்கச் சொல்லுங்க, குறி தப்புனா அந்த மான்தான் காயத்தோட ஓடி எங்கயோ கிடந்து துடிக்கும்.