டஸ் வந்தால் எஸ் எங்கே போகும்?

தம்பி, "மை பிரதர் டஸ் நாட் கோஸ் டு பாளையங்கோட்டை" என்று எழுதி, அதில் என்ன தப்பு என்று கேட்டிருந்தீர்கள். ஒரே ஒரு எஸ்தான் கூடுதல்.

தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான் என்று ஆளுக்கொரு விகுதி உண்டு. ஆங்கிலத்தில் அதெல்லாம் உதிர்ந்துபோய், ஹி, ஷி, இட் மூன்றுக்கும் மட்டும் இந்த எஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹி கோஸ். எதிர்மறையிலோ கேள்வியிலோ டூ வந்து நின்றால், எஸ்ஸை அது வாங்கிக்கொண்டு டஸ் ஆகிவிடும். பின்னால் வருவது வெறும் கோ. டஸ் நாட் கோ. ஒரு பஸ்ஸுக்கு ஒரு கண்டக்டர் போதும்லா?

நாம் வழுக்குகிற இன்னொரு இடமும் இருக்கிறது. 'போகிறான்' என்பது தினமும் போவதற்கும் வரும், இப்போது போய்க்கொண்டிருப்பதற்கும் வரும். அதனால் "ஹி இஸ் கோயிங் டெய்லி" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். தினமும் என்றால் ஹி கோஸ் டெய்லி. ஜங்ஷனில் பஸ் ஏறிவிட்டான் என்றால்தான் இஸ் கோயிங். தாமிரபரணி கிழக்கே ஓடுவது என்றைக்கும் உள்ளது, அதனால் த தாமிரபரணி ஃப்ளோஸ் ஈஸ்ட்.

அப்புறம், ஹேவ் என்பது ஹேவ்ஸ் ஆகாது, ஹேஸ். நான் பத்தாவது வரை ஹேவ்ஸ் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன்.