பட்டாணி பஃபருக்கு உப்பு வேண்டாம், நத்தை வேண்டும்

கேள்வி: மதுரை திருநகரில் வீடு. கடையில் 4 பட்டாணி பஃபர் மீன் வாங்கி, 10 லிட்டர் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றி விட்டிருக்கிறேன். குருணைத் தீவனத்தைத் தொடுவதே இல்லை. ஒன்று மற்றவற்றின் வாலைக் கடிக்கிறது. கல்லுப்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். உப்புத் தண்ணீர் கேட்கும் பஃபர்கள் வேறு இனம். உங்களிடம் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பம்பை போன்ற ஆறுகளில் வாழும் முழு நன்னீர் மீன். வளர்ந்தாலும் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

வாலைக் கடிப்பதற்குக் காரணம் இடப் பற்றாக்குறை. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மூலையைப் பிடித்துக் காக்கும். 10 லிட்டரில் தோற்ற மீனுக்கு ஒளிய இடமில்லை. 24க்கு 12க்கு 12 அங்குலத் தொட்டி வாங்குங்கள். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும். ஒரு ஆணும் மூன்று பெண்ணும் இருந்தால் நல்லது. வளர்ந்த ஆணுக்கு வயிற்றின் நடுவே கறுத்த கோடு தெரியும். ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ஜாவா பாசி, வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி, மரக்கட்டை வைத்து அடர்த்தியாக மறையுங்கள். கண்மாய்ப் பாசி வேண்டாம். தட்டான் புழுவும் அட்டையும் கூடவே வந்துவிடும்.

பில்டருக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் போதும், இவை வேகமான நீரோட்டத்தில் திணறும். புதுத் தொட்டியில் மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, உங்கள் தொட்டியில் பிழிந்துவிட்டால் அது விரைவாகும். அதுவரை தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, அது சிதைந்து வரும் நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு வாரம் ஒருமுறை மாற்றினால் போதும்.

போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1,200 என்றால், அதில் 1 குடத்துக்கு 3 குடம் ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் 330 அளவில் வரும். அது போதும். இந்த மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் கட்டாயம்.

இனி சாப்பாடு. அசையாத குருணை இவற்றின் கண்ணுக்கு உணவே இல்லை. நத்தை ஊர்ந்தால் பாருங்கள்: கண் இரண்டையும் தனித்தனியே உருட்டி, வாலை மடித்து, எதிரே அந்தரத்தில் நிற்கும், நத்தை தலையை நீட்டியதும் ஒரே கொத்து. பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஓட்டைக் கடிப்பது அதற்கும் நல்லது. நீர்ச்செடியோடு ஒட்டி வரும் சிறு நத்தைகளைத் தனி பக்கெட்டில் விட்டு, அவித்த கீரையோ வெள்ளரித் துண்டோ போடுங்கள். உங்கள் கடினமான போர் தண்ணீர் இங்கேதான் உதவும். சுண்ணாம்புச் சத்தில் ஓடு நன்றாக வரும். நத்தை பெருகும்வரை உறைந்த பிளட் வார்மை (சிவப்புப் புழு) உருக வைத்து, மீனுக்கு 4, 5 புழு வீதம் காலை, மாலை கொடுங்கள். மீதியை உடனே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மொட்டை மாடியில் பக்கெட்டைத் திறந்து வைத்துக் கொசுப்புழு மட்டும் வளர்க்காதீர்கள், டெங்கு அக்கம்பக்கத்துக்கும் போகும்.

நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டி, வெள்ளை நூல் போலக் கழிவு வந்தால் குடலில் ஒட்டுண்ணி. ஆற்றில் பிடித்து வருபவற்றில் இது அதிகம். அந்த மீனைத் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். செம்பு கலந்த மருந்து கூடாது. செதில் இல்லாத உடம்பு தாங்காது. இடம் மாற்றும்போது வலைக்குப் பதில் டம்ளரில் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். வெளியே தூக்கினால் காற்றை விழுங்கி உப்பி, திரும்ப அமிழ முடியாமல் மிதக்கும்.

மதுரைக்கு ஹீட்டர் தேவையில்லை. சித்திரை வெயில்தான் கவலை. 24 முதல் 28 டிகிரி வசதியானது. 30ஐத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மூடிக்குப் பதில் வலை போட்டு, நீர்மட்டத்தின் மேல் சிறு டேபிள் ஃபேன் ஓடவிட்டால் 2, 3 டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைந்ததற்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே ஊற்றுங்கள். போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.