மடை யார் கையில்?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். எங்கள் ஒழுங்கைக்கு வயர் இணைப்பு இன்னும் வரவில்லை, எல்லாம் சிம் டேட்டாதான். மகள் அடுத்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள். மாதம் முடியமுதல் டேட்டா முடிந்து, சூம் வகுப்பு பாதியில் நின்றுவிடுகிறது. தையல் காசில் நான்தான் றீலோட் போடுகிறேன். மகன் ஹொட்ஸ்பொட் போட்டுக் கொடுப்பான். அவன் பகலில் வீட்டில் இல்லாத நாளில், இரவு 12 மணிக்குப் பிறகு அவன் படுத்ததும் போனை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்று மகள் வகுப்பு வீடியோவை இறக்கிக்கொள்வாள். எந்த ரவுட்டர் வாங்கினால் நல்லது அக்கா?

பதில்: தங்கச்சி, ரவுட்டர் கிடக்கட்டும். காசு உங்களுடையது, பரீட்சை மகளுடையது. அப்படியிருக்க சிம் ஏன் மகனுடைய போனில் இருக்கிறது? கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன், அவன் என்ன படிக்கிறான், என்ன வேலை செய்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. அவன் பகலில் டேட்டாவை எதற்குச் செலவழிக்கிறான் என்றும் இல்லை. கேட்டிருக்க மாட்டீர்கள்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினபோது பிள்ளைகள் சிக்னல் தேடி மரத்திலும் மலையிலும் ஏறினார்கள். அது சிக்னல் கோபுரம் இல்லாத குறை. உங்கள் முற்றத்தில் சிக்னல் இருக்கிறது. குமர்ப்பிள்ளை நடுச்சாமத்தில் தமையனுடைய போனைக் களவாக எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு வெளியில் நிற்கிறாள், நீங்கள் அதை ஒரு வரியில் எழுதிவிட்டு ரவுட்டர் விலைக்குப் போய்விட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

வன்னியில் பிறந்தவருக்குத் தண்ணீர்ப் பங்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. குளத்தில் தண்ணீர் குறைந்தால் சிறுபோகத்துக்குக் கூட்டம் வைத்து, இவ்வளவு காணிதான் என்று பிரித்துத்தானே விதைக்கிறோம்? வாய்க்கால் தலைப்பில் இருப்பவன் மடையைத் திறந்தபடி விட்டால் கடைக்காணி காயும். உங்கள் வீட்டில் மகள்தான் கடைக்காணி. ஆம்பிளைப் பிள்ளை என்று மடையை அவன் கையில் கொடுத்தது நீங்கள். தன் தங்கச்சி இரவில் முற்றத்தில் நிற்கிறாள் என்று தெரிந்தும் படுத்துக் கிடப்பவன் என்ன தமையன்?

சரி, கேட்டதற்கும் சொல்கிறேன். சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் எதுவும் போதும். தகரக் கூரை என்றால் அலை உள்ளே சரியாக வராது, யன்னலோரம் வையுங்கள். ஆனால் ரவுட்டர் வந்தால் டேட்டா பெருகாது. யூடியூப்பை 1080 தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஒரு ஜீபிக்கு மேல் போகும், 360இல் அதில் சிறு பங்குதான். வாட்ஸ்அப்பில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். சூமில் மகள் தன் கமராவை மூடி வைக்கட்டும்.

அதெல்லாம் பிறகு. முதலில் சிம்மைக் கழற்றி மகளிடம் கொடுங்கள். மகனுக்கு வேண்டுமென்றால் அவள் வகுப்பு முடிந்த பிறகு அவளிடம் கேட்டு வாங்கட்டும். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான், சாப்பாடு வேண்டாம் என்பான். சட்டியை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுங்கள்.