காபி தோட்டத்துக்குள்ள இருக்கற கேபின்ல குடும்பத்தோட தங்கலாமா, எதைப் பார்த்து புக் பண்றது?

சென்னைல இருந்து வர்றோம், நாங்க ரெண்டு பேரு, ஆறு வயசுப் பையன், முட்டி வலி இருக்கற அம்மா, கொடைக்கானல் பக்கம் ரிசார்ட் வேண்டாம், மரத்துக்கு நடுவுல தனியார் எஸ்டேட்டுக்குள்ள ஒரு சின்ன வீடு மாதிரி கிடைச்சா மூணு நாள் இருக்கலாம்னு பாக்கறோம், பாதுகாப்பா இருக்குமான்னு கேட்டிருக்கீங்க.

தாராளமா போலாம். ஆனா ஒண்ணு மட்டும் விசாரிச்சுட்டு பணத்தை கட்டுங்க, அந்தத் தோட்டக்காரருக்கு சோறு போடறது வெள்ளாமையா இல்ல வர்ற கெஸ்ட்டா? வெள்ளாமைதான் பொழப்பு, ரூம் வாடகை கைச்செலவுக்கு ஆகுதுன்னு இருக்கற இடமா பார்த்துப் போங்க. எங்க மாமனார் வீட்டுக்கு பண்ணைக்காடு பக்கம் கொஞ்சம் காபியும் மிளகும் இருக்கு, நாங்க யாருக்கும் வாடகைக்கு விடறதில்ல அதனால விளம்பரம்னு நினைக்காதீங்க, கல்யாணம் ஆனதுல இருந்து லீவு விட்டா அங்கதான் போறது, சுத்துப்பட்டுல யாரு ரூம் கட்டறாங்க, எப்படி கட்டறாங்கன்னு கண்ணுல பட்டுகிட்டேதான் இருக்கு.

முதல்ல எந்தப் பக்கம்னு சொல்லிடறேன். கொடைக்கானல்னா எல்லாரும் ஏரி, தூண் பாறைன்னு டவுனுக்குத்தான் போறாங்க, நீங்க கேக்கற மாதிரி இடம் எல்லாம் அதுக்கு கீழ, நாங்க கீழ்மலைன்னு சொல்ற பகுதில இருக்கு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களம்கொம்பு, பாச்சலூர், பெரும்பாறை, கே.சி.பட்டி. டவுன் ஏழாயிரம் அடி, இங்க எல்லாம் மூவாயிரத்துல இருந்து அஞ்சாயிரம் அடிக்குள்ள, குளிரு இருக்கும் ஆனா அம்மாவுக்கு எலும்பைக் குத்தற குளிரு இருக்காது. அராபிகா காபி, மிளகு, மலை வாழை, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், சவ்சவ்னு கலந்து கிடக்கற தோட்டங்க. காபி வாரியத்தோட ஆராய்ச்சி நிலையமே தாண்டிக்குடிலதான் இருக்கு, தடியன்குடிசைல வேளாண் பல்கலைக்கழகத்தோட தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அந்த அளவுக்கு இது வெவசாய பூமி.

வெள்ளாமை நடக்கற தோட்டம்னு ஏன் அடிச்சு சொல்றேன்னா, காபிக்கு நிழல் வேணும். நேர் வெயில்ல விட்டா இலை கருகி செடி சீக்கிரம் ஓஞ்சு போயிடும், அதனால காபிக்காரன் மரத்தை வெட்ட மாட்டான், வருஷத்துக்கு ஒரு தடவை கிளையை மட்டும் கழிச்சு வெளிச்சம் விடுவான், பலா, முள்முருங்கை, சில்வர் ஓக்னு மேல ஒரு கூரை மாதிரி நிக்கும், மரத்து மேல மிளகுக் கொடி ஏறி இருக்கும், கீழ காபி. அந்த மரம் இருக்கறதாலதான் மலை அணில் இருக்கு, இருவாச்சிப் பறவைகூட சில பக்கம் கண்ணுல படுது, ஓடைல தண்ணி நிக்குது. நீங்க தேடறது அந்த நிழலைத்தான். ரூமுக்காகவே நிலம் வாங்கினவங்க என்ன பண்றாங்கன்னா, வியூ வேணும்னு சரிவுல இருக்கற மரத்தை எல்லாம் எடுத்துட்டு பொக்லைன் விட்டு மண்ணைச் சரிச்சு இங்கிலீஷ் A எழுத்து வடிவத்துல நாலு கேபின் நிறுத்திடறாங்க, போட்டோல மஞ்சள் லைட்டு போட்டு பார்க்க அழகாத்தான் இருக்கும், பகல்ல போய் நின்னா மொட்டைச் சரிவு, தகரக் கூரை, மதியம் உள்ள உக்கார முடியாது. மழைக்காலத்துல வெட்டின சரிவு என்ன ஆகும்னு மலைல இருக்கற எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஏன்னா ஒரு தோட்டம் அப்படிப் போச்சுன்னா அதுக்குக் கீழ இருக்கற அஞ்சாறு தோட்டத்துக்கு ஊத்து தண்ணி குறைஞ்சு போயிடுது, இது எங்க பக்கமே நடந்திருக்கு.

சரி போன்ல பேசி எப்படிக் கண்டுபிடிக்கறது? ரொம்ப ஈஸி. "இப்ப தோட்டத்துல என்ன வேலை நடக்குது"ன்னு கேளுங்க. நிஜ தோட்டக்காரரா இருந்தா காபிப் பழம் எடுத்துகிட்டு இருக்கோம், மிளகு காயப்போட்டிருக்கோம், கிளை கழிக்கற கவாத்து வேலை ஓடுது, ஆளு கிடைக்கல, காட்டுமாடு பீன்ஸைத் தின்னுட்டுப் போயிடுச்சுன்னு பத்து நிமிஷம் புலம்புவார். அந்தப் புலம்பலைக் கேட்டா தைரியமா அட்வான்ஸ் போடலாம். "எங்ககிட்ட கேம்ப்ஃபயர் இருக்கு சார், டிஜே இருக்கு சார், பார்பிக்யூ இருக்கு சார்"னு ஆரம்பிச்சா போனை வச்சிடுங்க.

அடுத்து நிலம் என்ன நிலம்னு கேக்கணும், இதுக்கு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சுகிட்டா அதுவே பதில். பட்டா நிலமா, தங்க விடறதுக்கு லைசென்ஸ் இருக்கா, டூரிசம் டிபார்ட்மென்ட்ல பதிஞ்சிருக்கா. மலைப்பகுதில நம்ம நிலம்தானேன்னு இஷ்டத்துக்குக் கட்டிட முடியாது. மலைப்பகுதி பாதுகாப்பு பட்டியல்ல இருக்கற கிராமம்னா தனியா அனுமதி வாங்கணும், தனியார் காடுன்னு அறிவிச்ச நிலமா இருந்தா 1949ல வந்த சட்டம் ஒண்ணு இருக்கு, சொந்த நிலத்துல நிக்கற மரத்தை வெட்டறதுக்கே அனுமதி வேணும். நீலகிரில சீகூர் யானை வழித்தடத்துல கட்டின ரிசார்ட்டுங்க விஷயத்துல சுப்ரீம் கோர்ட் 2020 அக்டோபர்ல வழித்தடத்தை அறிவிச்சது சரின்னு தீர்ப்பு சொல்லுச்சு, அதுக்கு முன்னாடி 2018லயே பல ரிசார்ட்டுக்கு சீல் வச்சாங்க. நீங்க குடும்பத்தோட போய் இறங்கி நிக்கும்போது கேட்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தா அந்த ராத்திரில எங்க போவீங்க சொல்லுங்க.

பாதுகாப்புன்னு கேட்டீங்க. கீழ்மலைல முக்கியமா காட்டுமாடு, காட்டுப்பன்னி, கே.சி.பட்டி பாச்சலூர் பெரும்பாறை பக்கம் யானை. பலா பழுக்கற மாசத்துல யானை தோட்டத்துக்குள்ள வர்றது சகஜம், வாழை போட்டவங்க ராத்திரி தூங்கறதே இல்ல. காட்டுமாடு ஒரு டன் எடை வரும், பார்க்க சாதுவா நிக்கும், கிட்டப் போய் செல்ஃபி எடுக்கற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அதனால மூணு விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்: சுவர் வச்ச வீடா இருக்கணும், பாத்ரூம் உள்ளயே இருக்கணும், தோட்டத்து ஆளு ஒருத்தர் கூப்பிடற தூரத்துல ராத்திரி படுத்திருக்கணும். டென்ட் வேண்டாங்க. 2021 ஜனவரில வயநாட்டுல மேப்பாடி பக்கம் ஒரு தனியார் இடத்துல டென்ட்ல தங்கின ஒரு பொண்ணை யானை கொன்னுடுச்சு, சின்ன வயசு. அதே மாசம் மசினகுடில ஒரு தங்கும் விடுதிக்குப் பக்கத்துல வந்த யானை மேல நெருப்பு வச்சதைத் தூக்கிப் போட்ட வீடியோ வெளிய வந்துச்சு, எல்லாருமே பார்த்திருப்போம், அந்த யானை காயத்தோட செத்தே போச்சு, எனக்கு இன்னும் மனசு ஆறல. மனுஷனுக்கும் சரி யானைக்கும் சரி, இடம் தெரியாம கட்டினா இப்படித்தான் முடியும்.

நெருப்புன்னதும் கேம்ப்ஃபயர். ஜனவரில இருந்து மழை வர்ற வரைக்கும் மலை காஞ்சு கிடக்கும், கீழ ஒரு பொறி போதும். 2018 மார்ச்ல குரங்கணில ட்ரெக்கிங் போனவங்களுக்கு நடந்தது ஞாபகம் இருக்கும், காட்டுத் தீயில மாட்டி 23 பேரு இறந்து போனாங்க. அந்த மாசங்கள்ல நெருப்பு மூட்டித் தரேன்னு சொல்ற தோட்டக்காரரை நம்பாதீங்க, அவருக்குத் தோட்டத்து மேல அக்கறை இல்லன்னு அர்த்தம். அதே மாதிரி "பின்னாடி காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறேன் சார், ஃபால்ஸ் இருக்கு"ன்னு யாராவது சொன்னாலும் போகாதீங்க, தோட்டத்து வேலியைத் தாண்டினா ரிசர்வ் ஃபாரஸ்ட், அனுமதி இல்லாம போறது குத்தம், நடக்கணும்னு ஆசையா இருந்தா தோட்டத்துக்குள்ளயே ரெண்டு மணி நேரம் நடக்கலாம்.

எப்ப போறதுன்னு நீங்க கேக்கல, ஆனா அதுல பாதி விஷயம் இருக்கு. என்னைக் கேட்டா டிசம்பர் கடைசி, ஜனவரி. காபிப் பழம் எடுக்கற நேரம். செடி பூரா செவப்பா பழம், கையால ஒவ்வொண்ணா உருவி இடுப்புல கட்டின சாக்குல போடுவாங்க, பச்சைக் காயை விட்டுட்டு பழுத்ததை மட்டும். பையனை ஒரு பழம் வாயில போட்டுச் சப்பச் சொல்லுங்க, தோலு இனிக்கும், உள்ள ரெண்டு கொட்டை வழவழன்னு ஒட்டிகிட்டு இருக்கும். சாயங்காலம் எடை போட்டு அன்னைக்கே தோலு உரிக்கற பல்பர் மிஷின்ல விட்டுடணும், விட்டு வச்சா ஊறி கெட்டுப் போகும், மிஷின்ல ஒரு பக்கம் தோலு போகும் ஒரு பக்கம் கொட்டை தண்ணில வந்து விழும், அதை ஊற வச்சு வழவழப்பு போகக் கழுவி களத்துல காயப்போடுவாங்க. காய்ஞ்சுதான்னு பார்க்க ஒரு கொட்டையை எடுத்துக் கடிச்சுப் பார்ப்பாங்க, பல்லுக்குத் தெரிஞ்சிடும். எங்க மாமனார் களத்துல உக்காந்து விரலால துழாவிகிட்டே இருப்பார், சத்தத்தை வச்சே இன்னும் ரெண்டு வெயில் வேணும்பார். இதை எல்லாம் எந்த ரிசார்ட்லயும் காசு குடுத்து வாங்க முடியாதுங்க.

இன்னொரு நல்ல நேரம் மார்ச் ஏப்ரல், பூ மழைன்னு ஒண்ணு பெய்யும், அது பெஞ்சு எட்டு பத்து நாள்ல மலை பூரா வெள்ளையா பூத்துடும், மல்லி மாதிரி வாசம், ரெண்டு மூணு நாள்தான் நிக்கும், அதனால தேதி பார்த்து புக் பண்ண முடியாது, தோட்டக்காரர் நம்பர் கையில இருந்தா மழை பெஞ்ச அன்னைக்கே கேட்டுக்கலாம். அக்டோபர் நவம்பர் வேண்டாம், கீழ்மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கிய மழை, அட்டை கடிக்கும், ரோட்ல மரம் விழும், கஜா புயல் அப்ப கரண்ட் வரவே நாள் கணக்காச்சு.

மலை வாழை கிடைச்சா கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க. விருப்பாச்சி வாழை, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போறது, முடிக்கொத்து நோய் வந்து ஒரு காலத்துல தோட்டம் தோட்டமா அழிஞ்சு இப்ப கொஞ்சம் கொஞ்சமா மீண்டுகிட்டு இருக்கு, 2008ல புவிசார் குறியீடு வாங்கினது. சின்னதா இருக்கும், தோலு கறுத்த பிறகுதான் ருசி. சாப்பாடு தோட்டத்து வீட்டுலயே சமைச்சுத் தருவாங்களான்னு முன்னாடியே பேசிக்கோங்க, விறகடுப்புல நாட்டுக்கோழி குழம்பு, சவ்சவ் கூட்டுன்னு எளிமையாத்தான் இருக்கும், மெனு கார்டு எல்லாம் எதிர்பார்க்காதீங்க. சமைக்கற அக்காவுக்குத் தனியா கையில குடுத்துட்டு வாங்க, வாடகைல அவங்களுக்கு என்ன போகுதுன்னு நமக்குத் தெரியாது.

வழி: வத்தலக்குண்டு வந்து காட் ரோட்ல ஏறி ஊத்துங்கற ஊர்கிட்ட பிரிஞ்சு பண்ணைக்காடு தாண்டிக்குடி போறது ஒண்ணு, சித்தரேவு பெரும்பாறை தடியன்குடிசை வழியா ஏறறது இன்னொண்ணு. ரெண்டாவது ரோடு சின்னது, ஆனா புல்லாவெளி அருவி அந்தப் பக்கம்தான். ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே மாசத்துல இருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்கணும், ஆன்லைன்ல கிளம்பறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு போகாதீங்க, எவர்சில்வர் பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டுப் போங்க, தோட்டத்துல ஊத்து தண்ணிதான் வரும், அம்மாவுக்கும் பையனுக்கும் காய்ச்சித் தரச் சொல்லுங்க.

அம்மா முட்டி விஷயம் கட்டாயம் கேட்டுக்கோங்க. கார் போற ரோட்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் எவ்வளவு நடக்கணும், படி எத்தனை, ஜீப் வீட்டு வாசலுக்கே வருமா. தோட்டக்காரங்க "பக்கம்தான்மா, அஞ்சு நிமிஷம்"பாங்க, அவங்க காலுக்கு அஞ்சு நிமிஷம், அம்மாவுக்கு அரை மணி நேரம் செங்குத்து இறக்கம். வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் ஒரு வீடியோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பச் சொல்லுங்க. வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா, வெந்நீர் எப்படி, சோலார் லைட்டுன்னா ராத்திரி முழுக்க நிக்குமா, எந்த நெட்வொர்க் எடுக்கும், இதையும் சேர்த்துக் கேளுங்க. அம்மா மாத்திரை எல்லாம் ரெண்டு நாளைக்குக் கூடுதலா வச்சுக்கோங்க, அவசரம்னா கீழ வத்தலக்குண்டு ஜி.எச்.தான், பெருசா ஏதாவதுன்னா திண்டுக்கல் மெடிக்கல் காலேஜ். பையனுக்கு முழுக்கை சட்டை, ஷூ, ஒரு நல்ல டார்ச். எந்த மாசம் வர்றீங்கன்னு கமென்ட்ல போடுங்க, அந்த நேரத்துல தோட்டத்துல என்ன நடக்கும்னு மாமனார்கிட்ட கேட்டுச் சொல்றேன்.