வாசகர் கேள்விகள்: வாசலில் 100 டொலர்

போன இதழில், கொழும்பில் ஒரு கசினோவில் 11 வருடம் காசாளராக இருந்தேன் என்று பேச்சோடு பேச்சாக ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சரி, சீட்டுக் கணக்கும் வங்கிக் கணக்கும் அடுத்த இதழுக்கு இருக்கட்டும். இந்த முறை கசினோக் கேள்விகள் மட்டும்.

அக்கா, என் கணவர் இரண்டு வருடமாகக் கசினோவுக்குப் போகிறார். தாலிக்கொடியைத் தவிர எல்லா நகையும் அடகில். "விட்டதை எடுத்த உடனே நிறுத்துகிறேன்" என்கிறார். அவரை உள்ளே விட வேண்டாம் என்று கசினோக்காரரிடம் நான் கேட்க முடியுமா?
- வாசகி, வத்தளை

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உங்களைப் போலவே ஒரு பெண் எங்கள் கசினோ வாசலுக்கு வந்தார். ஒரு கையில் சின்னப் பிள்ளை, மற்றக் கையில் கணவருடைய அடையாள அட்டையின் போட்டோ கொப்பி. "இவரை மட்டும் விடாதீங்க" என்று காவலாளியிடம் கெஞ்சினார். அந்தக் கொப்பி மேலாளரிடம் போய், அங்கிருந்து என் லாச்சிக்கு வந்தது. "வளர்ந்த மனுசன், தன் காசில் விளையாடுகிறார். நாங்கள் என்ன செய்வது?" என்றார் மேலாளர்.

அடுத்த கிழமை அந்த மனிதர் வந்தார். நான் கேஜில் இருந்தேன். காசை வாங்கிக்கொண்டு, மேசையில் காசுக்குப் பதிலாக வைத்து ஆடுகிற சிப் வில்லைகளைக் கொடுக்கிற கம்பி ஜன்னலை அப்படித்தான் சொல்வோம். வங்கியில் சுற்றிய பட்டி கூடப் பிரிக்காத ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை நீட்டினார். வாங்கி எண்ணிச் சிப் கொடுத்தேன். கொப்பி என் முழங்காலுக்குப் பக்கத்து லாச்சியில்தான் கிடந்தது. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மனைவியோ, பெற்றோரோ, கூடப்பிறந்தவர்களோ விண்ணப்பித்தால், ஒரு குழு இரண்டு பக்கத்தையும் விசாரித்துத் தடை உத்தரவு போடும். அதற்குப் பிறகு அவர் கசினோ வாசலைத் தாண்ட முடியாது. பிலிப்பைன்ஸிலும் குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். நமக்கும் அதுதான் வேண்டும். லாச்சிக்குள் போகிற கொப்பியை வைத்து என்ன செய்வது?

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அவர் மனம் நொந்திருக்கிற ஒரு நாளில், "என்னை இனி உள்ளே விட வேண்டாம்" என்று அவர் கையாலேயே ஒரு கடிதம் எழுதவையுங்கள். தோற்ற மறுநாள் காலையில் கேட்டால் சம்மதிக்கக்கூடும். அதைக் கசினோவில் கொடுக்கும்போது பிரதியில் திகதி போட்டு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அடகுச் சிட்டைகள் உங்கள் கையில் இருக்கட்டும். வட்டிக்காரர் யார் வந்தாலும் பிணைக்கு ஒப்பம் வைக்காதீர்கள், கணவரே உங்கள் காலில் விழுந்து அழுதாலும் வைக்காதீர்கள். 1926க்குப் பேசுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம். அவரைத்தான் பேச வைக்க வேண்டும் என்றில்லை, முதலில் நீங்களே பேசலாம்.

இன்னொன்று. "விட்டதை எடுத்த உடனே நிறுத்துகிறேன்" என்ற பேச்சை நான் அந்த ஜன்னலில் கேட்காத இரவே இல்லை. உண்மையாகவே விட்டதை எடுத்தவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்கள் அடுத்த நாள் நேரத்தோடு வருவார்கள்.

ரூலட்டில் சிவப்பில் 1,000 ரூபாய் கட்டி, தோற்றால் 2,000, பிறகு 4,000 என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் என்றைக்காவது வென்றுதானே ஆக வேண்டும்?
- வாசகர், மட்டக்களப்பு

தம்பி, கணக்கைக் கடைசி வரை போட்டுப் பாருங்கள். ரூலட் என்பது சுழலும் சக்கரத்தில் குண்டு எங்கே விழும் என்று பந்தயம் கட்டுகிற ஆட்டம்; சிவப்பில் கட்டி வென்றால், கட்டிய அளவே லாபம். சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள். பாதி சிவப்பு, பாதி கறுப்பு. 37ஆவதாக ஒரு பச்சைப் பூச்சியம் இருக்கிறது. கசினோ பிழைப்பது அந்தப் பச்சையில்தான். 37 தரத்தில் சிவப்புக்கு 18, உங்களுக்கு எதிராக 19. நீங்கள் கட்டுகிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 சதம் அவர்களுக்கு. பூச்சியம் இரண்டு உள்ள சக்கரமென்றால் 5 ரூபாய் 26 சதம்.

நீங்கள் சொல்கிற மாதிரி ஆடி எட்டுத் தரம் தொடர்ந்து தோற்றால், போனது 2,55,000 ரூபாய். ஒன்பதாவதுக்கு 2,56,000 கட்ட வேண்டும். அதற்குள் மேசையின் உச்ச வரம்பு வந்துவிடும், அல்லது உங்கள் பை காலியாகிவிடும். எட்டுத் தரம் தொடர்ந்து தோற்பது ஏறக்குறைய 207இல் ஒரு தரம் நடக்கும். மற்ற 206 தரமும் ஆயிரம் ஆயிரமாக வென்றாலும் 2,06,000 தான் சேரும். 49,000 நட்டம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு வரம்பு எழுதியிருப்பது சும்மா இல்லை.

கசினோவுக்கென்று புதிய அதிகார சபை, உள்ளூர்க்காரருக்கு 100 டொலர் நுழைவு வரி என்கிறார்கள். இது நம்மவரைக் காக்குமா, வருமானத்துக்கா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

ஐயா, வரிசையாகப் பார்த்தால் விளங்கும். 1988இலேயே பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் தீர்வை வாங்கச் சட்டம் வந்துவிட்டது. கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2010இல்தான் வந்தது. அதன்கீழ் அனுமதிப்பத்திர விதிகள் வர்த்தமானியில் வந்தது 2022இல், நாம் டொலர் இல்லாமல் பெற்றோல் வரிசையில் நின்ற வருடம். ஐந்து வருடத்துக்கு 50 கோடி ரூபாய் என்று அப்போதுதான் கட்டணம் வைத்தார்கள். ஆக, காசை எண்ணத் தொடங்கி 34 வருடத்துக்குப் பிறகுதான் "யார் நடத்துகிறார்கள்" என்று கேட்டிருக்கிறோம்.

2025 ஓகஸ்டில், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டளைச் சட்டங்களையும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீக்கிவிட்டு, சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்கான சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அதே மாதத்தில்தான் நூறு கோடி டொலருக்கு மேல் செலவழித்துக் கொழும்பில் கட்டிய சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் என்ற ஹோட்டல் வளாகத்தில் கசினோ திறந்தது. ஒக்டோபர் 1 முதல் நுழைவு வரி 50 டொலரிலிருந்து 100 ஆனது. கசினோக்களின் மொத்த வசூல் மீதான வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது.

100 டொலர் யாரைத் தடுக்கும்? வேடிக்கை பார்க்க வருகிற இளைஞரைத் தடுக்கும், அது நல்லதுதான். வத்தளைத் தங்கச்சியின் கணவரைத் தடுக்காது. அவருக்கு அந்த 100 டொலரும் "எடுக்க வேண்டிய" கணக்கில் சேர்ந்துவிடும்.

எனக்கு இருக்கிற பெரிய கவலை வேறு. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது நிதி அமைச்சு. வரியை எதிர்பார்த்திருக்கிற அதே கை, கதவை இழுத்துச் சாத்தவும் துணியுமா? பிலிப்பைன்ஸில் பாக்கோர் என்ற அரச நிறுவனம் தானே கசினோக்களை நடத்திக்கொண்டு, மற்றக் கசினோக்களுக்கு அனுமதியும் கொடுத்து வந்தது.

அந்த நாட்டில் என்ன நடந்தது என்பது நமக்கும் தெரிய வேண்டும். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து திருடர்கள் கணினி வழியாக 10 கோடி டொலருக்கு மேல் எடுத்தார்கள். அதில் 2 கோடி இலங்கைக்கு வந்தது. பெறுநர் பெயரில் ஒரு எழுத்துப்பிழை. அதை ஒரு வங்கியில் யாரோ கவனித்துக் கேள்வி கேட்டதால் அந்தக் காசு தப்பியது. 8 கோடி 10 லட்சம் மணிலாவுக்குப் போனது. அதில் பெரும்பகுதி கசினோ மேசைகளில் சிப்பாகிக் கரைந்தது. ஏனென்றால் அங்கே, களவுக் காசை நல்ல காசாகக் காட்டுவதைத் தடுக்கிற பணச்சலவைத் தடுப்புச் சட்டம் அப்போது கசினோக்களைத் தொடவில்லை. 2017இல்தான் சேர்த்தார்கள்.

எழுத்துப்பிழையைக் கண்டு நிறுத்திய அந்த ஊழியரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பேன். எங்கள் ஜன்னலுக்கும், கட்டுக்கட்டாகக் காசு கொண்டுவந்து, இரண்டு கை ஆடிவிட்டு, மீதிச் சிப்பைக் கொடுத்து "கசினோவில் வென்றது என்று துண்டு தாங்க" என்று கேட்டவர்கள் வந்தார்கள். 3,000 டொலருக்கு மேல் போனால் ஆள் யாரென்று சரிபார்க்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். அதைச் செய்யப்போவது கேஜில் இருக்கிற, 22 வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளை "இல்லை, தரமாட்டேன்" என்று சொன்னால் அதன் வேலை போகாது என்று புதிய சபை எழுத்தில் உறுதி கொடுக்கட்டும். குடும்பம் கொடுக்கிற தடை விண்ணப்பத்துக்கு ஒரு பதிவேடு வைக்கட்டும். அப்போது காக்கிறார்கள் என்று நம்புவேன்.

உயர்தரம் முடித்துவிட்டேன். கொழும்பில் கசினோவில் டீலர் வேலைக்குக் கேட்கிறார்கள். போகலாமா? வீட்டில் சண்டை.
- மாணவி, ஹற்றன்

போகலாம் மகள். சீட்டுப் பிரிக்கிறது ஒரு கைத்தொழில், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சேரும் முன் மூன்றைக் கேளுங்கள். நியமனக் கடிதம் தருவார்களா? விடியற்காலை முறை முடிந்தால் தங்குமிடம் வரை வாகனம் உண்டா? சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் அவர்களுடைய 12 வீதமும் முதல் மாதத்திலிருந்தே கட்டுவார்களா? என்னை எடுத்த இடத்தில் முதல் இரண்டு வருடமும் கட்டவில்லை. சம்பளத்தைக் கடித உறையில் போட்டுத் தந்தார்கள். எனக்கும் கேட்கத் தெரியவில்லை. உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேர்முகத்துக்குப் போங்கள், அவரும் இடத்தைப் பார்க்கட்டும்.